கல் சுமந்தவன் எங்கே?

நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாம் வாரம் எமதூரில் நடைபெற்ற இலக்கியச் சந்திப்பொன்றில் இளம் எழுத்தாளர் ஒருவர் தமது சிறுகதையை வாசித்தார். மாயப்புனைவு வகையைச் சேர்ந்தது. இல்லாத ஒரு நாடு, அதன் வானத்தில் மூன்று நிலவுகள், புல் மட்டுமே முளைத்த ஒரு வெட்டவெளி, அதன் நடுவே வட்டமாக நிற்கும் பதினேழு கருங்கற்கள். கதாநாயகன் குதிரையில் வருகிறான். வட்டத்தின் நட்டநடுவில் நின்று உள்ளங்கையைக் கீறி மூன்று சொட்டு இரத்தம் விடுகிறான். கற்கள் முனகுகின்றன. வேறொரு காலத்துக்கு வழி திறக்கிறது. கதை அங்கே முடிகிறது. தம்பியின் நடையில் ஓட்டமிருந்தது. கல்லின் நிழல் விழும் பக்கத்தில் மட்டும் பாசி படர்ந்திருந்ததாக அவர் எழுதியிருந்த இடம் இன்னமும் என் மனதில் நிற்கிறது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

கருத்துரை நேரத்தில் நான் ஒரேயொரு கேள்விதான் கேட்டேன்.

"தம்பி, அந்தப் பதினேழு கல்லையும் அங்க கொண்டு வந்து நட்டது யாரு?"

"அது ஆதிகாலத்து ஆக்கள் சேர். அவங்க மறைஞ்சி போயிட்டாங்க. அதுதான் மர்மம்."

சபையில் சிரிப்பு. தலைமை வகித்த மூத்த விமர்சகர் ஒலிவாங்கியைத் தம் பக்கம் இழுத்து, "மாஸ்டர் புள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிச்சுப் படிப்பிச்சு எல்லாத்துக்கும் விடை கேக்கிறார். இது ஃபேன்டசி மாஸ்டர், கொந்தராத்துப் பத்திரமில்ல" என்றார். மீண்டும் சிரிப்பு. மஃரிபுக்கு நேரமாகிவிட்டபடியால் கூட்டம் கலைந்தது. அன்று சொல்லக் கிடைக்காததை ஆசிரியரின் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். மாயப்புனைவுக்கு நான் எதிரியல்லன். கிஸ்ஸாக்களையும் படைப்போர்களையும் பாடக் கேட்டு வளர்ந்த ஒரு சமூகத்தில் பிறந்தவன் அப்படி இருக்கவும் முடியாது. பறக்கும் கம்பளமும் பேசும் மீனும் எமது பாட்டிமார் வாயில் எப்போதும் இருந்தவை. கல் பறக்கட்டும், முனகட்டும், வழி திறக்கட்டும். என் வழக்கு 'மர்மம்' என்ற அந்த ஒரு சொல்லோடுதான். அந்தச் சொல் அப்பாவிச் சொல் அல்ல. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அது நல்ல சரித்திரமும் அல்ல.

எனது கேள்வி கேட்டு எழுந்த சிரிப்பையே எடுத்துக்கொள்வோம். அதற்கு வயது ஏறத்தாழத் தொள்ளாயிரம். 1136ஆம் ஆண்டளவில் மொன்மவுத் ஜெஃப்ரி என்ற பாதிரியார் பிரித்தானிய மன்னர்களின் வரலாறு என்று லத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். பெயர்தான் வரலாறு, உள்ளே பெரும்பகுதி கட்டுக்கதை. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம் எப்படி வந்தது என்பதற்கு அதில் ஒரு கதை இருக்கிறது. பண்டைய இராட்சதர்கள் ஆபிரிக்காவின் தூரத்து மூலையிலிருந்து அந்தக் கற்களைத் தூக்கி வந்து அயர்லாந்து மலையொன்றில் நட்டார்களாம். அவற்றின் மேல் ஊற்றிய நீரில் குளித்தால் நோய் தீருமாம். பிற்காலத்தில் பிரித்தானிய மன்னனொருவன், வஞ்சகமாகக் கொல்லப்பட்ட தன் பிரபுக்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப விரும்பியபோது, மந்திரவாதி மெர்லின் அந்தக் கற்களைக் கொண்டுவரச் சொல்கிறான். பதினையாயிரம் பேர் கப்பலேறிப் போகிறார்கள். வடமும் கயிறும் ஏணியும் கொண்டு அவர்கள் முக்கி முனகி இழுக்கிறார்கள். கல் அசையவில்லை. அதைப் பார்த்து மெர்லின் சிரிக்கிறான். பிறகு தன் வித்தையால் இலேசாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றிவிடுகிறான்.

அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசித்தேன். பதினையாயிரம் பேரும் வடமும் ஏணியும் கதைக்குள் வந்துவிட்டன. வேலைக்கு ஆள் இல்லாமலில்லை. ஆனால், கதைக்கு அவர்கள் தேவைப்படுவது சிரிக்கப்படுவதற்கு மட்டும்தான். இன்று நாம் வாசிக்கின்ற, திரையில் பார்க்கின்ற கல்வட்டங்கள் அனேகமானவை மெர்லின் வழி வந்தவை. 1991இல் வெளியான 'அவுட்லாண்டர்' நாவலில் ஸ்கொட்லாந்துக் கல்வட்டமொன்றின் வழியாக ஒரு தாதி இருநூறு வருடம் பின்னோக்கிப் போகிறாள். அந்தக் கல்வட்டம் நாவலாசிரியை கற்பனையில் நட்டது. அந்தக் கதையை நான் குறை சொல்லவில்லை. ஆனால், எமது தம்பி போன்றவர்கள் எடுத்துக்கொண்டது அதிலுள்ள தாதியை அல்ல, வழி திறக்கும் கல்லை மட்டுமே.

கதை கதையாக இருந்திருந்தால் தொல்லையில்லை. அது வெளியே வந்து அறிவு என்று உட்கார்ந்துகொண்டது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசரின் கட்டடக் கலைஞராயிருந்த இனிகோ ஜோன்ஸ் ஸ்டோன்ஹெஞ்சை அளந்து பார்த்துவிட்டு, இது உரோமர் கட்டிய கோயில் என்றார். 1655இல், அவர் இறந்த பிறகு, அந்நூல் வெளியானது. உரோமர்தான் என்பதற்கு அவர் சொன்ன முக்கிய நியாயம், பழைய பிரித்தானியர் காட்டுமிராண்டிகள், அவர்களால் இதெல்லாம் ஆகாது என்பதே. 1663இல் இன்னொருவர் டேனியரைக் கொண்டு வந்தார். பிறகு உள்ளூர்ப் பூசாரிகளான துரூயிட்டுகளுக்குக் கொடுத்தார்கள். பூசாரி என்றாலும் பரவாயில்லை, கூலிக்காரன் என்றால்தான் எவருக்கும் மனம் வரவில்லை. எமது காலத்தில் வேற்றுக்கிரகவாசிகள் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் தரம் ஒன்பது வகுப்பில் ஸ்டோன்ஹெஞ்சின் படமொன்றைக் காட்டி, இதைச் செய்தது யார் என்று கேட்டேன். பாடத்திட்டத்தில் இல்லாத விடயம். பாட ஆசிரியர் லீவில் போனதால் கிடைத்த ஓய்வுப் பாடவேளை. முன்வரிசையிலிருந்து "ஏலியன்" என்று பதில் வந்தது. கைபேசியில் பார்த்திருக்கிறார்கள். அடுத்த பதில் "ஜின்." அதற்கு நாலைந்து தலைகள் ஆமென்று ஆடின. "ஆது கூட்டம், சேர். அவங்க பனை உயரம்" என்றாள் ஒரு பிள்ளை. பின்வாங்கில் இருந்த ஒரு பையன் மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "கல்லுடைக்கிற ஆக்கள் சேர்."

வகுப்பு முழுதும் சிரித்தது. அவனுடைய வாப்பா கருங்கல் உடைப்பவர். அந்தச் சிரிப்பு எதற்கென்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

ஆசிரியர் கலாசாலையில் எமக்குப் படிப்பித்த முதல் பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததுக்குப் போ என்பது. அடுத்த வாரம் அந்த வாப்பாவைப் பாடசாலைக்கு அழைத்தேன். தகப்பன்மாரை நாங்கள் அழைப்பது பிள்ளை பிழை செய்தால்தான் என்பதால் அவர் பயந்துகொண்டே வந்தார். படத்தைக் கையில் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். ஏலியன், ஜின் எதுவும் அவர் வாயில் வரவில்லை. அவர் கேட்டவை மூன்றே கேள்விகள்.

"கல்லு எங்கேர்ந்து வந்திச்சி மாஸ்டர்? பக்கத்துல மலையொண்டும் காணல்லியே."

"இத்தின பேருக்கும் சோறு குடுத்தது யாரு?"

"மேல கெடக்கிற கல்ல ஏத்தக்குள்ள எத்தின பேரு மௌத்தாப் போயிருப்பாங்க?"

அதன் பிறகு வெண்கட்டியால் தரையில் கோடு போட்டு, ஆப்பு அடித்துக் கல்லைப் பிளப்பதையும், அலவாங்கால் நெம்பி அடியில் கட்டை கொடுப்பதையும், கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவதையும் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினார். சிரித்த பிள்ளைகள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

படித்தவர்கள் முந்நூறு வருடமாக இராட்சதரையும் உரோமரையும் தேடி அலைந்தபோது கேட்கப்படாமல் கிடந்த கேள்விகள் இவை. கேட்கத் தொடங்கியதும் விடைகள் வந்தன. வட்டத்தின் உட்புறத்தில் நிற்கும் சிறிய நீலக்கற்கள் வேல்ஸ் நாட்டின் பிரசெலி மலைகளிலிருந்து வந்தவையென்று 1923இலேயே ஒரு புவியியலாளர் காட்டினார். இருநூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். இருபது தொன்னுக்கு மேல் நிறையுள்ள பெரிய கற்களில் பெரும்பாலானவை 25 கிலோமீற்றர் அளவிலுள்ள வெஸ்ட் வூட்ஸ் என்ற இடத்தைச் சேர்ந்தவை என்பது 2020இல் தெரியவந்தது. நடுவில் விழுந்து கிடக்கும் ஆறு தொன் பீடக்கல் ஸ்கொட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்ததென 2024இல் கண்டுபிடித்தார்கள். குறைந்தது 700 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனைக்குப் போனாலும் அந்தத் தூரம் வராது.

மேல் கற்கள் நழுவாமலிருக்க, நிற்கும் கல்லின் தலையில் முளை விட்டு, படுக்கும் கல்லின் அடியில் துளை குடைந்து பொருத்தியிருக்கிறார்கள். இது தச்சர்கள் மரத்தில் செய்யும் வேலை. மரத்தில் பழகிய கை ஒன்று கல்லுக்கு வந்திருக்கிறது. சோறு கொடுத்தது யார் என்பதற்கும் பதில் இருக்கிறது. மூன்று கிலோமீற்றர் தள்ளி டரிங்டன் வோல்ஸ் என்ற இடத்தில் 2004க்குப் பின் நடந்த அகழ்வில் அக்காலத்து வீடுகளின் தரைகளும் அடுப்புகளும் மலைமலையாக எலும்புகளும் கிடைத்தன. பன்றி எலும்புதான். அவர்கள் சாப்பாடு அவர்களுக்கு. ஒன்பது மாதக் குட்டிகளைக் குளிர்காலத்தில் அறுத்திருக்கிறார்கள். சில ஸ்கொட்லாந்து வரையான தூர இடங்களில் வளர்ந்து நடந்து வந்தவையாக இருக்கலாமென்று 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது. விருந்துக்கு வந்தவன் வெறுங்கையோடு வரவில்லை.

மூன்றாவது கேள்விக்குத்தான் இன்னமும் பதிலில்லை.

விளக்கம் வந்தால் அழகு செத்துவிடும் என்று மூத்த விமர்சகர் சொல்லக்கூடும். பீடக்கல் செய்தியை வாசித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சில்லு இல்லாத காலத்தில் ஒரு கூட்டம் மனிதர் ஆறு தொன் கல்லை நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். வழியில் எத்தனை ஊர், எத்தனை பாஷை, எத்தனை பேரிடம் ஆள் உதவி கேட்டிருப்பார்கள்? மெர்லினின் வித்தையில் இதில் கால்வாசி அதிசயமும் இல்லை. எனவே கல் சுமந்தவனை விட்டுவிட்டு எழுதுவது கற்பனை கூடியதால் வருவதல்ல, குறைந்ததால் வருவது.

இதுவரை சொன்னது வெறும் அழகியல் தகராறு. சிம்பாப்வேக்கு வந்தால் விடயம் வேறு.

அங்கே மகா சிம்பாப்வே என்றழைக்கப்படும் பழைய நகரில் பெரியதொரு வட்ட மதில் இருக்கிறது. சுற்றளவு ஏறத்தாழ 250 மீற்றர், சில இடங்களில் உயரம் 11 மீற்றர். கருங்கல்லை அடுக்கியதுதான், சாந்து என்பது பேருக்கும் இல்லை. 1871இல் அங்கே போன கார்ல் மௌக் என்ற ஜெர்மானியர், வாசலின் மரத்துண்டொன்றை வெட்டிப் பார்த்தார். அதன் நிறமும் மணமும் தமது பென்சிலின் மரத்தைப் போலவே இருந்ததாம். பென்சில் தேவதாரு மரம். தேவதாரு லெபனானில் வளர்வது. லெபனான் மரத்தால் மாளிகை கட்டியவர் சுலைமான் அரசர். ஆகவே இது ஸபா நாட்டரசி பல்கீஸின் மாளிகை! ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் சரித்திரத்தையே எழுதிவிட்டார். மரமோ உள்ளூர் மரம்.

1885இல் ரைடர் ஹகார்ட் 'சுலைமான் அரசரின் சுரங்கங்கள்' என்ற நாவலை வெளியிட்டார். ஆபிரிக்காவின் நடுவே மர்மமான பழங்காலக் கட்டடங்கள், அவற்றைக் கட்டிய மறைந்துபோன வெள்ளையோ செமித்தியரோ ஆன இனம், அதன் அருமை தெரியாமல் பக்கத்தில் வாழும் கறுப்பர்கள். இலட்சக்கணக்கான வெள்ளைப் பையன்கள் இதை வாசித்து வளர்ந்தார்கள். ஐந்து வருடத்தில் ரோட்ஸின் கம்பனி அந்த நாட்டுக்குள் புகுந்தது. கட்டியவன் மறைந்துவிட்டான், இப்போது இருப்பவன் வாரிசு அல்ல, எனவே எடுத்துக்கொள்ளலாம். 1902இல் அந்த இடத்துக்குக் காப்பாளராக நியமிக்கப்பட்ட ரிச்சர்ட் ஹோல் என்பவர் "கறுப்பர்களின் குப்பை" என்று சொல்லி மண்படைகளை மீற்றர் கணக்கில் வாரிக் கொட்டினார். மகா சிம்பாப்வேயைக் கட்டியவர்களின் சட்டியும் பானையும் சாம்பலும் இருந்த படைகள் அவை. பல்கீஸைத் தேடிக் கட்டியவனைக் குப்பையில் போட்டார்கள்.

1905இல் மக்ஐவர் என்ற தொல்லியலாளர் இது ஆபிரிக்கர் கட்டியதே என்றார். வெள்ளைக் குடியேறிகளுக்குப் பிடிக்கவில்லை. 1929இல் கேட்ரூட் கேட்டன்-தொம்சன் என்ற பெண்மணி மீண்டும் தோண்டி அதையே இன்னும் உறுதியாகச் சொன்னார். ஆனாலும், 1965இல் தன்னிச்சையாகச் சுதந்திரம் பிரகடனப்படுத்திய ரொடீசிய வெள்ளை அரசுக்கு மர்மம் தேவைப்பட்டது. கட்டியவர் ஷோனா மக்களின் முன்னோரே என்று எழுதிய தொல்லியலாளர் பீற்றர் கார்லேக் 1970இல் நாட்டை விட்டு வெளியேறினார். 1980இல் நாடு விடுதலை பெற்றபோது அந்த மக்கள் தமது நாட்டுக்கு அந்தக் கல் நகரின் பெயரையே வைத்தார்கள். அங்கே கிடைத்த கற்பறவையைக் கொடியில் ஏற்றினார்கள். இவ்வளவுக்கும் பிறகு 'மர்மம்' என்ற சொல்லை நான் எப்படிச் சும்மா விட முடியும்?

இதில் எம்மவருக்கும் ஒரு சிறு பங்குண்டு, கௌரவமான பங்கு. மகா சிம்பாப்வேயில் கிடைத்த பொருட்களில் கில்வா சுல்தான் ஹஸன் இப்னு சுலைமானின் பெயர் பொறித்த செம்பு நாணயமொன்றும் இருக்கிறது. பாவா ஆதம் மலைக்கு 1344இல் ஏறிய எமது இப்னு பதூதா, அதற்குப் பதின்மூன்று வருடங்களுக்கு முன் அதே சுல்தானைக் கில்வாவில் சந்தித்திருக்கிறார். முஸ்லிம் வணிகர்கள் அந்த மக்களோடு பொன் வியாபாரம் செய்தார்கள். மதிலைக் கட்டியவர்கள் வணிகர்கள் அல்லர். நாணயத்தைக் காட்டி மதிலை உரிமை கொண்டாடவும் கூடாது. மௌக் பென்சிலால் செய்ததை நாம் நாணயத்தால் செய்துவிடக் கூடாது.

ஏனென்றால், செய்கிறோம். பனை உயர எலும்புக்கூடொன்றைச் சிறு மனிதர்கள் தோண்டுவது போன்ற படம் ஒன்றை நீங்களெல்லோரும் பார்த்திருப்பீர்கள். சவூதிப் பாலைவனத்தில் எண்ணெய் தேடியபோது கிடைத்த ஆது கூட்டத்தவரின் எலும்பு என்று 2004 முதல் மின்னஞ்சலில் வந்தது. பிறகு துண்டுப்பிரசுரத்தில், சொற்பொழிவில், இப்போது வட்ஸ்அப்பில். அந்தப் படம் 2002இல் கணினியில் படங்களைத் திரிக்கும் போட்டியொன்றுக்காக ஒருவர் செய்தது. அடிப்படைப் படம் 2000ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்தில் யானை இன விலங்கொன்றின் எலும்பைத் தோண்டியபோது எடுத்தது. 2007இலேயே இது பகிரங்கமாக மறுக்கப்பட்டது. ஆனாலும் என் வகுப்புப் பிள்ளைக்கு 'பனை உயரம்' அங்கிருந்துதான் வந்தது.

ஈமானோடு இதற்குத் தொடர்பில்லை. ஸுலைமான் நபி (அலை) அவர்களுக்கு அல்லாஹ் ஜின்களை வசப்படுத்திக் கொடுத்தான் என்பதை நான் நம்புகிறேன். அது அந்த நபிக்குக் கொடுக்கப்பட்ட அற்புதம். உலகத்தில் காணும் பெரிய கல்லையெல்லாம் ஜின்னுக்கு எழுதிக் கொடுக்க அது அனுமதிப்பத்திரம் அல்ல. பாறைகளைக் குடைந்தவர்களென்று குர்ஆன் எடுத்துச் சொல்வது ஸமூத் என்ற மனிதக் கூட்டத்தையே. அவர்களின் கைத்திறனை அது அவர்களிடமிருந்து பறிக்கவில்லை.

மாயப்புனைவுக்குள்ளேயே இதைச் சரியாகச் செய்தவர் இருக்கிறார். 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' எழுதிய ரொல்கீன்தான் அவர். 1955இல் வந்த அதன் மூன்றாம் பாகத்தில் டன்ஹாரோ என்றொரு மலைக்கோட்டை வருகிறது. ஏறும் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் குந்தியிருக்கும் மனிதச் சிலைகள். மேலே வெளியில் இரண்டு வரிசையாக நட்ட கற்கள். செய்தது யாரென்று ரோஹன் நாட்டுக் குதிரைவீரர் எவருக்கும் தெரியாது. அவர்கள் அவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மெரி என்ற ஹொபிட் மட்டும் மழையில் தேய்ந்த அந்த முகங்களை வியப்போடும், ஏறத்தாழ இரக்கத்தோடும் பார்க்கிறான். சாதாரண எழுத்தாளன் என்றால் இத்தோடு மர்மம் என்று விட்டிருப்பான். ரொல்கீன் விடவில்லை. சில அத்தியாயங்கள் கழித்துக் காட்டுக்குள் கான்-புரி-கான் என்ற கட்டையான கிழவன் வருகிறான். அவனைக் கண்டதும் மெரிக்கு அந்தச் சிலைகளின் முகம் ஞாபகம் வருகிறது. அந்த முகங்களுக்கு உரியவர்களின் சந்ததி மறைந்து போகவில்லை, காட்டிலேயே இருக்கிறது! அவன் குதிரைவீரருக்கு மறந்துபோன ஒரு பாதையைக் காட்டிக் கொடுக்க முன்வருகிறான். கைம்மாறாக அவன் பொன்னும் பொருளும் கேட்கவில்லை. எம்மை மிருகம் போல் வேட்டையாடுவதை நிறுத்துங்கள் என்று மட்டும் கேட்கிறான்.

அப்படியென்றால் அதுவரை வேட்டையாடியிருக்கிறார்கள். கல் மர்மமாய் இருந்ததற்குக் காரணம் அதுதான். வேட்டையாடுகிறவன் சிலையின் முகத்தை நின்று பார்ப்பானா?

2003இல் வந்த திரைப்படத்தில் டன்ஹாரோ இருக்கிறது. கான்-புரி-கான் இல்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடிய படத்தில் அவனுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை. எமது இளைஞர்கள் பார்த்தது படத்தை.

இன்னொரு கேள்வியோடு தம்பியிடம் வருகிறேன். கல்வட்டம் என்றதும் மூடுபனியும் குதிரையும் ஏன் வர வேண்டும்? கம்பியா ஆற்றின் இரு மருங்கிலும், கம்பியாவிலும் செனகலிலுமாக, 350 கிலோமீற்றர் நீளத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வட்டங்களும் புதைமேடுகளும் இருக்கின்றன. வஸ்ஸு, கெர்பாட்ச், வனார், சைன் ஙயேன் என்ற நான்கு இடங்களை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. சைன் ஙயேனில் மட்டும் 52 வட்டங்கள். கல் கருங்கல் அல்ல, கொழும்புப் பக்கத்தில் வீடு கட்டுகிறார்களே கபுக்கல், அந்த இனம். நிலத்துக்குள் இருக்கும்போது வெட்ட இளகும். காற்றுப் பட்டால் இறுகும். இரும்பு உளி பிடித்த கொத்தர்கள் அதை உருளையாகவும் பலகோணமாகவும் ஒன்றுபோலச் செதுக்கினார்கள். உயரம் இரண்டு மீற்றர் அளவு, நிறை ஏழு தொன் அளவு. அடியில் அவர்களின் இறந்தோர் உறங்குகிறார்கள். இன்று அதைச் சுற்றியுள்ள ஊர்கள் பெரும்பாலும் முஸ்லிம் ஊர்கள். வாங்குச் சத்தம் கேட்கும் தூரத்தில் கற்கள் நிற்கின்றன. வஸ்ஸுவுக்கு வருகிறவர்கள் கல்லின் தலையில் ஒரு சிறு கல்லை வைத்துவிட்டுப் போகிறார்கள். எமது மாயப்புனைவுக்காரர் எவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததை நான் காணவில்லை. மெர்லின் இல்லாத கல் அவர்களுக்குக் கல்லாகத் தெரிவதில்லை போலும். ஜெஃப்ரியே தன் இராட்சதக் கற்களை ஆபிரிக்காவிலிருந்துதான் கொண்டு வந்தார் என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன்.

அந்தப் பையன் இப்போது சாதாரண தரம் முடித்துவிட்டு வாப்பாவோடு கல் வேலைக்குப் போகிறான். படிப்பில் கெட்டிக்காரன் என்று சொல்லமாட்டேன். போன கிழமை சந்தியில் கண்டேன். அந்தக் கல்லு எங்கேர்ந்து வந்திச்சி என்று கண்டுபுடிச்சாச்சா சேர், வாப்பா கேட்டாரு என்றான். ஸ்கொட்லாந்துக் கதையைச் சொன்னேன். தூரத்தைக் கேட்டுவிட்டு, "லொறி இல்லாமலா?" என்றான். முகத்தில் வந்த அந்த ஆச்சரியத்தைக் கூட்டத்தில் கை தட்டிய ஒருவர் முகத்திலும் நான் காணவில்லை.

தம்பியின் கதையை இந்தச் சஞ்சிகை பிரசுரிக்க வேண்டும் என்பதே எனது விருப்பம். அதற்கு முன் அவர் அதை ஒருமுறை திருப்பி எழுதட்டும். மூன்று நிலவும் இருக்கட்டும், இரத்தமும் சொட்டட்டும். பதினேழாவது கல்லை நிமிர்த்தும்போது கயிறு அறுந்து எத்தனை பேர் அடியில் போனார்கள் என்பதை அந்த நாட்டுக் கிழவி ஒருத்திக்கு ஞாபகம் இருக்கட்டும். வேலையாட்களுக்குத் தண்ணீர் சுமந்த பெண்ணுக்கு ஒரு பெயர் வைக்கட்டும். கதாநாயகன் குதிரையை விட்டு இறங்கி அவளிடம் வழி கேட்கட்டும்.